கொலைகாரனுக்கு வைத்த பூசை

பெங்களூர் அடுகோடியில் நான் வேலை செய்யும் கடையில் கார்களுக்கு சீட் கவர் மாட்டுகிறோம். மெஷினில் தைப்பது வேறொருவர். பழைய உறையைக் கிழித்து எடுத்து, உள்ளே பொடிந்துபோன ஃபோமை வெட்டி எறிந்து, புது ரெக்ஸினை இழுத்து, அடியில் கொக்கி போட்டு இறுக்குவது என் வேலை. பாதி நாள் யாரோ ஒருவருடைய காரின் பின் சீட்டில் மண்டியிட்டபடி கழியும். கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறந்தால் காது மடல் சுட ஆரம்பித்துவிடும். வாடிக்கையாளர்களிடம் பேசுவதை எல்லாம் கடை முதலாளி பாய் பார்த்துக்கொள்வார்.

காருக்குள் எனக்குத் துணை செல்போன்தான். அதில் ஒருவர் தமிழில் நிஜமாக நடந்த கொலைக் கதைகளைச் சொல்வார். கனத்த குரல். பின்னால் கடிகாரம் ஓடுவதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். சிவாஜிநகர் வீட்டில் என் மனைவியும் சமையல் செய்துகொண்டே அதையேதான் கேட்பாள். சாயங்காலம் சாப்பிடும்போது அன்றைய கொலையைப் பற்றி அவள் பேசுவாள், நான் தலையாட்டுவேன். பல வருஷமாக எங்கள் இருவருக்கும் அதுதான் பேச்சு.

போன வருஷம் மழைக்காலத்தில் அவர் ஒரு அமெரிக்கக்காரனின் கதையைப் பாகம் பாகமாகச் சொன்னார். கார்களுக்காக ஆட்களைக் கொன்றுகொண்டே ஊர் ஊராகப் போனவன் அவன்.

மரமே இல்லாத, குளிர் அடிக்கிற ஒரு ஊர். ரயில் பாதை ஓரத்தில் வீடு. அப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பையனுக்குப் பேச்சு சட்டென்று வராது, நாக்கு ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் அவன் வாசிக்க எழுந்தாலே மற்ற பிள்ளைகள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். ஒரு நாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போனவன் திரும்பப் போகவில்லை. பழைய கார் வாங்கி விற்கும் ஒரு இடத்தில் கார் கழுவும் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயே வளர்ந்து ஆளானான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கூடி உட்கார்ந்து பேசும்போது அவன் மட்டும் ஏதாவது ஒரு காரின் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டியைத் தின்பான்.

இந்த இடத்தைக் கேட்டபோது என் டிபன் பாக்ஸ் மடியில் திறந்திருந்தது. கார்க் கதவு சாத்தியிருந்தது.

ஒரு பனிக்காலத்தில் அவனுடைய முதலாளி வாடிக்கையாளர்கள் நடுவில் அவன் பேசுவதுபோல் பேசிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் காலையில் அவன் முதலாளியைச் சுட்டான். அங்கே நின்றிருந்த ஒரு வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு தெற்குப் பக்கமாகப் போனான். அதுவரை ஒரு குண்டூசிகூடத் திருடாதவன். அந்தக் காரைப் போலீஸ் தேடுகிறது என்று தெரிந்ததும் வேறு கார் வேண்டியிருந்தது. அவன் கார் பழுதாகி நின்றுவிட்டதென்று நினைத்து உதவி செய்ய வந்த ஒரு வயதான தம்பதியைக் கொன்று அவர்களுடைய நீலக் காரை எடுத்தான். அப்புறம் பண்ணை வேலைக்காரர் ஒருவரின் பச்சை ட்ரக். அப்புறம் ஆஸ்பத்திரி வேலை முடிந்து கிளம்பிய ஒரு நர்ஸின் சிவப்புக் கார். ஊர் ஊராகப் போய் சாமான் விற்கிற ஒருவரின் நீளமான கார். வழியில் லிஃப்ட் கேட்டு ஏறிய ஒருவரையும் விடவில்லை. சிலரை டிக்கியில் வைத்துக்கொண்டே நூற்றுக்கணக்கான மைல் ஓட்டியிருக்கிறான். கடைசியில் ஒரு ஹோட்டலுக்குப் பின்னால் காரை நிறுத்திப் பின் சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் டார்ச்சால் கண்ணாடியைத் தட்டினார். அவன் எழுந்து உட்கார்ந்து, "மணி என்ன?" என்று கேட்டானாம். வேறொன்றும் பேசவில்லை. கோர்ட், ஜெயில், பல வருஷம் கழித்து ஊசி போட்டு மரண தண்டனை. பெற்ற தாய், பிணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஜெயிலுக்குச் சொந்தமான இடத்திலேயே புதைத்தார்கள்.

கதை சொல்கிறவர் ஒவ்வொரு பாகத்தையும் ஒரே மாதிரி முடித்தார். அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதிலாம்: ரொம்ப அமைதியான ஆள், யார் வம்புக்கும் போகமாட்டான்.

அதற்கப்புறம் என்னால் காரின் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை. சாத்தினால் மூச்சு முட்டியது. திறந்தால் ஆட்கள் பார்க்கிறார்கள் என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். ரெக்ஸின் கோணலாகப் போனது.

"அரே, டோர் ஏன் தொறந்து வெச்சிருக்கே?" என்று பாய் கத்தினார். "ரோட்டு தூசி பூரா உள்ள போவுது. கஸ்டமர் என்னைதான் மாட்டிவிடுவான்."

நான் சாத்தினேன். அவர் அந்தப் பக்கம் போனதும் திறந்தேன்.

பாய் நல்ல மனிதர். கிண்டல் மட்டும் கொஞ்சம் அதிகம். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம் ஏதோ கேட்டார். நான் பதிலுக்குப் பாயைப் பார்த்தேன். "அவன்கிட்ட பேசாதீங்க சார்," என்றார் பாய். "வாயவே தொறக்க மாட்டான். ஆனா கத்திய எப்படி புடிச்சிருக்கான் பாருங்க. இந்த மாதிரி ஆளுங்களதான் நம்பக்கூடாது." அந்த ஆள் சிரித்தார். பாய் இதே ஜோக்கை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் கூடச் சிரிப்பேன். அன்று என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தேன். ரெக்ஸின் வெட்டுகிற கத்திதான். அதைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

வீட்டில் படுத்தால் புரண்டுகொண்டே இருந்தேன். சாப்பாடு பிடிக்கவில்லை.

"ஏங்க, இன்னா ஆச்சு உங்களுக்கு? சோறு வெச்சது வெச்ச மாதிரி கீது," என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் மூஞ்சி இப்படி கீது? பொண்ணு கல்யாணச் செலவ நெனச்சிக்கினு இருக்கீங்களா?"

"இல்ல. அந்த அமெரிக்காக்காரன் ஞாபகமாவே இருக்குது. கண்ண மூடினா வந்து நிக்கறான்."

அவ்வளவுதான் சொன்னேன். அவனுக்கும் எனக்கும் இருந்த ஒற்றுமையைச் சொல்ல நாக்கு வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "ஓஹோ" என்று எழுந்து போனாள். அந்த "ஓஹோ"வின் அர்த்தம் எனக்கு அன்று புரியவில்லை.

கத்தோலிக்கரான எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. செத்துப்போன ஒருவர் திரும்பத் திரும்ப நினைவில் வந்தால், அந்த ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்பட்டுக்கொண்டு நம்மிடம் ஜெபம் கேட்கிறது என்பார்கள். அதன் பேரில் கோயிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தால் ஆன்மா இளைப்பாறும், நம்மையும் விட்டுவிடும். என் மனைவி அவள் அப்பாவுக்கு அப்படிக் கொடுத்திருக்கிறாள். அவள் அக்கா வீட்டுக்காரர் கனவில் வந்து தண்ணீர் கேட்டபோதும் கொடுத்தாள்.

அப்போது நவம்பர் மாதம் பிறந்திருந்தது. எங்களுக்கு அது இறந்தவர்களின் மாதம். சாயங்காலப் பூசைக்கு முன்னால், கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மைக்கில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார். அந்த மாதக் கடைசியில் எங்கள் ஒரே மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பொம்மனஹள்ளி. அவளோடு ஒரே ஆபீசில் வேலை செய்கிற பையன். இரண்டு பேரும் விரும்பி, பிறகு இரண்டு வீட்டிலும் பேசி முடித்தது. டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கிவிடும், கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதற்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசித்தாக வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று அறிவிப்பதைத்தான் ஓலை என்போம். வருகிற ஞாயிறு முதல் ஓலை.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் கோயிலில் இருந்தோம். உபதேசியார் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள், அந்தத் தெருவுக்கே தெரிந்த பெயர்கள். நடுவில் சட்டென்று நின்றார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். பிறகு ஒரு வெள்ளைக்காரப் பெயரை முழுசாக, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

கொலைகாரனின் பெயர்.

கதை சொல்கிறவர் ஒவ்வொரு பாகத்திலும் அடித் தொண்டையில் சொன்ன அதே பெயர். மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உருக்கமாக ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

பூசை முடிந்து கேட்டருகே வந்தபோது மாப்பிள்ளையின் சித்தி எங்களைப் பிடித்துக்கொண்டார். அவர் வீடு எங்கள் தெருவுக்குப் பக்கத்தில்தான். "இன்னா அண்ணி, நம்ம உபதேசியார் இன்னிக்கி யாரோ இங்கிலீஷ்காரர் பேரு வாசிச்சாரே. அத நீங்க குடுத்ததுன்னு சொல்றாங்க?"

"ஆமா," என்றாள் மனைவி.

"உங்களுக்கு யாரு அவரு?"

மனைவி என்னைக் காட்டி, "இவருக்கு வேண்டியவரு," என்றாள்.

நான் அங்கேயே ஏதாவது சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சித்தி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, "ஐயோ பாவம், அமெரிக்காவா?" என்றார். மனைவி, "ஆமா, அமெரிக்காதான்," என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "ஏன் இப்படி பண்ணே?"

"அவனுக்கு யாருங்க கீறாங்க? பெத்தவளே வேணாண்ணுட்டா. ஒரு மெழுகுவத்தி ஏத்த ஆளில்ல. அதான் உங்களாண்ட வந்து நிக்கறான். இனிமே பாருங்க, நல்லா தூங்குவீங்க."

மறுநாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. தெருவில் கூடி ஜெபிக்கிற எங்கள் அன்பியக் குழுவின் பெண்கள் பிஸ்கட், பிரெட், வாழைப்பழத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெபமாலை சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். "கல்யாண வீட்ல இப்படி ஆயிடுச்சே," என்றார் இன்னொருவர். கீழ் வீட்டுக் கன்னடக்கார அம்மா படியேறி வந்து, "பேஜார் மாட்கோபேடி அண்ணா," என்று என்னைத் தேற்றினார். நான் தலையாட்டினேன். மனைவி சமையலறைக்குள் போய் டீ போடுகிற சாக்கில் வெளியே வரவே இல்லை. எல்லோரும் எனக்காக ஜெபமாலை சொன்னார்கள். நானும் சேர்ந்து சொன்னேன்.

மகள் ஆபீசிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டு முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மம்மி, உனக்கு வேற ஆளே கெடைக்கலியா?" அப்போது மாப்பிள்ளையிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. உள்ளே போய்ப் பேசினாள். வெளியே வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

சித்தி தன் அக்காளான மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் செய்து துக்கச் செய்தியைச் சொல்லியிருக்கிறார். எந்த உறவு என்று பார்ப்போமே என்று மாப்பிள்ளை சும்மா அந்தப் பெயரைப் போனில் தேடியிருக்கிறான். கையில் விலங்கு போட்ட அவன் படத்தோடு எல்லாம் வந்திருக்கிறது. அதை அவனுடைய அப்பா பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டாம், முதலில் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். இந்த ஞாயிறு தவறினால் மூன்று ஓலை முடியாது, கல்யாணம் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். இப்படிச் சந்தேகத்தோடு தள்ளிப் போனால் நடக்கவே நடக்காமலும் போகலாம்.

"அந்த ஆளு உங்களுக்கு ரத்த சம்பந்தம்னு நெனச்சிக்கினு இருக்காங்க டாடி," என்றாள் மகள். "நம்மகிட்ட சொல்லாம மறைச்சிட்டாங்கன்னு அவரு அப்பா ஒரே பேச்சாம்."

"நா வந்து பேசறேன்," என்று மனைவி புடவையை மாற்றக் கிளம்பினாள்.

"நீ வேணாம் மம்மி. நீ வந்தா இன்னும் ரெண்டு பேருக்கு பூசை வெச்சிட்டு வருவே. டாடி மட்டும் போகட்டும்." என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "டாடி, தலையாட்டிட்டு வந்துடாதீங்க. ப்ளீஸ். பேசுங்க."

மறுநாள் பாயிடம் அரை நாள் லீவு கேட்டேன். பொண்ணு விஷயம் என்றதும், "ஜா, ஜா," என்றார். "அங்க போயாச்சும் வாயத் தொற."

பொம்மனஹள்ளி போகும் பஸ் ஓசூர் ரோட்டில் நகரவே இல்லை. என்ன பேசுவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் வார்த்தையே சரியாக அமையவில்லை. ஜன்னல் பக்கம் ஒரு கார் உரசுவதுபோல் நின்றது. பின் சீட்டில் ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் இடம் மாறி உட்கார்ந்தேன். பிறகு எழுந்து நின்றுகொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருப்பவர். கறாரான மனிதர். அம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். சித்தியும் வந்திருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது சுட ஆரம்பித்தது.

"உக்காருங்க சம்பந்தி," என்றார் அவர். "நேரா கேட்டுடறேன். அந்த ஆளு உங்களுக்கு என்ன முறை?"

"முறை ஒண்ணும் இல்லீங்க."

"தண்டு பக்கத்துல இருக்கிறவங்க குடும்பத்துல சட்டக்காரங்க கலப்பு இருக்கும்," என்றார் சித்தி. கன்டோன்மென்ட்டைத்தான் தண்டு என்பார்கள். சட்டைக்காரர்கள் என்றால் ஆங்கிலோ இந்தியர்கள். "பாதிப் பேரு ஃபாரின் போயிட்டாங்க. அப்படி யாராச்சும் இருந்தா சொல்லிடுங்கண்ணா. அதுல தப்பில்ல. மறைச்சாதான் தப்பு."

"அப்படி யாரும் இல்லீங்க. எங்க ஆளுங்க எல்லாம் ஆற்காடு பக்கம். கொத்தனார் வேல செஞ்சவங்க."

"அப்ப எதுக்குப் பூசை?"

"எனக்குத் தூக்கம் வரலீங்க. போன்ல அவன் கதைய கேட்டேன். அவனே கண்ணு முன்னால வந்து நின்னான். அதனால எங்க வீட்ல..."

மாப்பிள்ளையின் அப்பா தன் மனைவியைப் பார்த்தார். "பேய் புடிச்சிருக்குதா?"

அமெரிக்கச் சொந்தத்தைவிட இது மோசம். தலையாட்டிவிட்டு வந்துவிடாதே என்று மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. வேறு எதுவும் தெரியாததால் கதையை ஆரம்பித்தேன். ரயில் பாதை ஓரத்து வீட்டிலிருந்து. கேட்டுக் கேட்டு மனதில் பதிந்திருந்ததால் வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பேச்சு வராத பையனைச் சொன்னேன், கார் கழுவியதைச் சொன்னேன். காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டான் என்று சொன்ன இடத்தில், "நானும் அப்படித்தான் சாப்பிடறேங்க," என்றேன். "அவனும் பள்ளிக்கூடத்த பாதில விட்டான், நானும் விட்டேன். அவனயும் அமைதியான ஆளுன்னு சொன்னாங்க, என்னயும் சொல்றாங்க. எங்க பாய் கிண்டல் பண்றாரு, அவன் மொதலாளியும் பண்ணினாரு. நான் யாரையும் ஒரு அடி அடிச்சதில்லீங்க. ஆனா அவனும் அந்தக் காலைல வரைக்கும் அடிச்சதில்ல. அதுதான் தூக்கம் வரல. பேயெல்லாம் இல்ல."

என் மகள் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். நிறுத்தப் பயமாக இருந்ததால் தொடர்ந்து சொன்னேன். வெள்ளைக் கார், நீலக் கார், பச்சை ட்ரக், நர்ஸின் சிவப்புக் கார், எல்லாம் சொல்லி, போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டியதும், தாய் பிணம் வேண்டாம் என்றதும் வரை வந்து முடித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா அவரைக்காயை எப்போதோ நிறுத்தியிருந்தார். "செத்தாங்களே, அவங்க பேரு என்ன?" என்று கேட்டார்.

"யாருங்க?"

"அவன் கொன்னானே, அவங்க. அந்த வயசானவங்க, நர்ஸு."

யோசித்தேன். கதை சொல்கிறவர் ஒவ்வொரு பெயரையும் சொல்லியிருந்தார். ஒன்றுகூட வரவில்லை. "நர்ஸோட காரு செவப்பு..." என்று இழுத்தேன்.

"காரு கலரெல்லாம் ஞாபகம் இருக்குது. ஆளு பேரு இல்ல," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "என் தம்பிய இதே ஓசூர் ரோட்டுல ஒரு காரு அடிச்சிப் போட்டுட்டுப் போயிடுச்சி. அடிச்சவன் யாருன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. அவனுக்கும் எங்கியாச்சும் ஒரு பொம்பள பாவப்பட்டு பூசை வெச்சிக்கினு இருப்பா. வெக்கட்டும். வேணாம்னு நான் சொல்லல. ஆனா என் தம்பி பேர யாரு சொல்லுவா?"



அவர் கணவரிடம் சொன்னார்: "இவருக்கு பேயும் இல்ல, சொந்தமும் இல்ல. சூதுவாது தெரியாத மனுசன். நீங்க ஓலையக் குடுங்க." பிறகு என்னிடம்: "ஓலை வாசிக்கிற அன்னிக்கே அவன் கொன்னவங்க எல்லார் பேருலயும் பூசை குடுங்க சம்பந்தி. ஒருத்தர விடாம. நான் உங்க கோயிலுக்கே வந்து கேக்கறேன்."

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைக் கனைத்தார். "பாய் கிண்டல் பண்ணா திருப்பிக் கிண்டல் பண்ணுங்க," என்றார். "சும்மா சேத்து வெக்காதீங்க." அவர் அதை ஜோக்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை கடையில் ஒரு காருக்குள் உட்கார்ந்து எல்லாப் பாகங்களையும் திரும்பக் கேட்டேன். இந்தத் தடவை பெயருக்காக. ஒவ்வொரு பெயரும் ஒரே ஒரு முறைதான் வந்தது. கொலைகாரன் பெயர் மூச்சுக்கு மூச்சு வந்தது. பெயர் வந்ததும் போனை நிறுத்தி, அந்தக் காரையும் அந்தப் பெயரையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். பண்ணை ஆளுக்கு நாலு பிள்ளைகள் என்று இப்போதுதான் காதில் விழுந்தது. நர்ஸ் அன்று வேறொருத்திக்குப் பதிலாக வேலைக்கு வந்தவளாம். முதல் தடவை கேட்கும்போது இதெல்லாம் எங்கே போயிருந்தது? அந்த நேரத்தில் அவன் அடுத்து எங்கே போனான் என்பதில்தான் என் கவனம் இருந்திருக்க வேண்டும்.

லிஃப்ட் கேட்டு ஏறியவருக்கு மட்டும் பெயர் வரவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். அவனுக்கு நானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. அவன் தேடிப் பார்த்துவிட்டு, "மாமா, அந்த ஆள் யாருன்னே போலீஸ் கண்டுபிடிக்கல. பொணத்தக் கேட்டு யாரும் வரல," என்றான்.

சாயங்காலம் உபதேசியாரிடம் போய் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். "இன்னாப்பா இது, ஊர்ல செத்த வெள்ளக்காரன் எல்லாம் உன் கணக்கா?" கடைசியில் பெயர் இல்லாதவரைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டார். "பேரில்லாம எப்படி வாசிக்கிறது?"

"லிஃப்ட் கேட்டவருங்க."

"கோயில்ல லிஃப்ட் கேட்டவர்னு வாசிக்கவா?"

"பெயர் தெரியாத ஒரு வழிப்போக்கர்னு வாசிங்க," என்றேன். அவரிடம் நான் இவ்வளவு பேசி அவர் பார்த்ததில்லை. எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா எங்கள் பெஞ்சிலேயே, என் மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். உபதேசியார் வாசித்தார். வரிசையாக வெள்ளைக்காரப் பெயர்கள். முன் பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. எனக்கு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கார் வந்து நின்று போனது. கொஞ்சம் கொஞ்சமாகக் கார் மங்கி, ஆள் வரவேண்டும் என்று முயற்சி செய்தேன். நர்ஸுக்கு வந்தது, மற்றவர்களுக்கு வரவில்லை. வழிப்போக்கரை வாசித்தபோது மாப்பிள்ளையின் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய தம்பியின் பெயரையும் நான் சேர்த்துக் கொடுத்திருந்தேன். மகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அது கடைசியாக வந்தது. அவர் சட்டென்று என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பூசை முடியும் நேரத்தில் சாமியார் ஓலை வாசித்தார். என் மகள் பெயர், மாப்பிள்ளை பெயர். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். நான் கோயில் முழுவதையும் பார்த்தேன். ஒரு குழந்தை அழுதது, யாரோ இருமினார்கள். அவ்வளவுதான். மகள் என் விரலைப் பிடித்து நெரித்தாள்.

திங்கட்கிழமை ஒரு பழைய காரின் பின் சீட்டுக்கு ஃபோம் மாற்றிக்கொண்டிருந்தேன். வெயில் அடித்தது. பல நாளைக்குப் பிறகு கதவைச் சாத்தியிருந்தேன். புது ஃபோம் மெத்தென்றிருந்தது. ஒரு நிமிஷம் சாய்ந்தேன்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். வெளியே ஒரு முகம் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மணி என்ன?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று தெரிந்தது.

"மணி மூணு ஆவுது," என்றார் பாய். "பொண்ணுக்குக் கல்யாணம்னா வேலைய விட்டுட்டு தூங்கலாம்னு யாரு சொன்னது? எந்திரிப்பா, மாமனாரே."

"நீங்க கஸ்டமர்கிட்ட போய் பொய் சொல்லுங்க பாய், நான் எந்திரிக்கறேன்," என்றேன்.

பாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரெக்ஸினை இழுத்தேன். ரோட்டுத் தூசி உள்ளே வந்துகொண்டிருந்தது. அன்று கதவைச் சாத்தச் சொல்லி அவர் கத்தவில்லை.